ஊதச் சொன்னது நான்

ஒரு பிள்ளையின் வலது கருவிழியில் தழும்பு இருக்கிறது. அதற்கு நான் காரணம். இன்னொரு பிள்ளை செய்யாத தப்புக்காகப் பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நின்றாள். அதற்கும் நான்தான் காரணம். முதலாவது என் அவசரத்தால் நடந்தது. இரண்டாவது என் பயத்தால் நடந்தது. இரண்டையும் வெகுகாலம் மறைத்து வைத்திருந்தேன். இப்போது ஒன்று விடாமல் சொல்கிறேன். நடுவில் எங்காவது என் பக்கத்து நியாயம் என்று எதையாவது நுழைக்கப் பார்த்தால், அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் நான் கைவினை ஆசிரியை. காகிதத்தில் பூ, தோரணம், வாழ்த்து அட்டை, மேடை அலங்காரம் எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். அதில் ஜிகினா வேலைதான் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. இப்போது கடைகளில் பசையோடு கலந்த ஜிகினா குழாயில் வருகிறது. பிதுக்கினால் கோடு விழும். பார்க்க மங்கலாக இருக்கும். பசை காய்ந்த பிறகு அந்த மினுமினுப்பில் பாதி உள்ளே அமுங்கிப்போகும். உலர்ந்த தூளை ஈரப் பசைமேல் தூவி எடுப்பதுதான் அசல் வேலை. ஒவ்வொரு துகளும் மேலே நிற்கும், விளக்கு பட்டதும் பற்றிக்கொள்ளும். எங்கள் வயதுக்காரர்களுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை நினைவிருக்கும். சிவகாசியில் அச்சான அட்டை, கரும்பும் பானையும் வரைந்திருக்கும், பானையின் விளிம்பில் ஜிகினா. கையில் எடுத்தால் விரலில் ஒட்டிக்கொள்ளும். அந்த வேலைதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. ஊர்த் திருவிழாக்களில் சப்பரச் சோடனை செய்தவர். மூங்கில் சட்டத்தில் காகிதம் ஒட்டி, அதில் மைதாப் பசையால் கொடியும் யாளியும் எழுதி, மேலே ஜிகினா தூவுவார். அவர் வேலை செய்கிற இடத்தில் சன்னலைச் சாத்திவிடுவார். என்ன வெயிலானாலும் விசிறி கூடாது. தூவும்போது வாயைத் திறக்க விடமாட்டார். நாங்கள் சின்னப் பிள்ளைகள், ஏதாவது பேசிவிட்டால் விரலால் தலையில் ஒரு தட்டு விழும். "வாயைத் தொறந்தா ஜிகினா பறக்கும். பறந்தா கண்ணுக்குத்தான் போகும்" என்பார். மிச்சத் தூளை ஊதவே கூடாது. தாளைச் செங்குத்தாகப் பிடித்து, பின்பக்கம் விரலால் சுண்ட வேண்டும். உதிர்வது கீழே விரித்த செய்தித்தாளில் விழும். அந்தத் தாளை நடுவில் மடித்து வாய்க்கால்போலப் பிடித்து, தூளைத் திரும்பக் குப்பியில் சேர்ப்பார்.

ஆக, எனக்குத் தெரியாமல் நடந்தது இல்லை. ஏழு வயதிலேயே எனக்குத் தெரிந்த விஷயம் அது.

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு மேடையின் பின்னணியில் ஒரு பெரிய மயில் வைப்பது என்று முடிவானது. தோகை முழுக்கக் காகிதக் கண்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சார்ட் அட்டையில் வெட்டி, ஜிகினா போட்டு, பிறகு தோகையில் ஒட்ட வேண்டும். மயில் கண் ஒரு நிறத்தில் முடிகிற காரியம் அல்ல. வெளி வளையம் வெண்கல நிறம், அதற்குள் பச்சை, அதற்குள் நீலம், நடுவில் கருநீலம். உலர் ஜிகினாவில் ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் போட முடியும். முதல் வளையத்தின் பசை காயாமல் அடுத்த நிறத்தைத் தூவினால் பச்சை போய் வெண்கலத்தில் ஒட்டிக்கொள்ளும், எல்லாம் சேர்ந்து அழுக்கு நிறமாகிவிடும். பெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தூரிகையால் மெல்லிசாக இழுத்தாலும் ஒவ்வொரு வளையமும் காயக் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

அந்த வருஷம்தான் பள்ளியில் இன்னொரு கைவினை ஆசிரியை சேர்ந்திருந்தார். சின்ன வயது. க்வில்லிங் என்கிற காகிதச் சுருள் வேலையில் அருமையான கை. பிள்ளைகள் அவரைச் சுற்றியே நின்றார்கள். தாளாளர் அவர் செய்த பிள்ளையாரைத் தன் அறையில் மாட்டினார். அதுவரை அந்தச் சுவரில் இருந்தது நான் செய்த தாமரை. எனக்குப் பொறாமை. வேறு நல்ல வார்த்தை போட்டு இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மயிலைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெண் சொன்னார்: "மேடம், கிளிட்டர் ஃபோம் ஷீட்டே கலர் கலரா கிடைக்குதே. வெட்டி ஒட்டிட்டா ஒரு நாள்ல முடிஞ்சிரும். கொட்டவும் செய்யாது." முற்றிலும் சரியான யோசனை. அந்தத் தாளில் ஜிகினா ஏற்கெனவே இறுக ஒட்டியிருக்கும். பிள்ளைகள் கையில் தூள் போகவே போகாது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடையில் வாங்கி ஒட்டினதுபோல இருக்கும் என்று சொன்னேன். அது பாதிக் காரணம்தான். அவர் சொன்னதால் வேண்டாம் என்றேன் என்பது மீதி.

ஜிகினாவிலும் ஒரு தப்பு செய்தேன். பள்ளி வேலைக்கு எப்போதும் பொடி ஜிகினாதான் வாங்குவேன். இந்த முறை கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று பெரிய துகளாக, உதிரியாக எடைக்கு வாங்கினேன். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் ஒவ்வொரு துகளையும் தனியாக எண்ணலாம். ஆறு பக்கம், ஆறு முனை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால் முனை குத்துவது தெரியும். தெரிந்தது. வாங்கினேன்.

விழாவுக்கு முதல் நாள். கண்களில் பாதிக்கு மேல் பச்சை வளையத்திலேயே நின்றிருந்தன. வானம் மூடியிருந்ததால் பசை காயவே இல்லை. தட்டினால் ஈரப் பசையோடு சேர்ந்து ஜிகினாவும் உதிர்ந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நீள மேசையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். அந்த இளைய ஆசிரியை இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "நான் ஏதாவது செய்யட்டுமா மேடம்?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். எனக்கு அது குத்தலாகப் பட்டது. வேண்டாம் என்றேன்.

அவர் போனதும் எழுந்து விசிறியைப் போட்டேன். பசை சீக்கிரம் காயட்டும் என்று.

பெரியப்பாவின் சொல் அப்போது நினைவுக்கு வரவில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் வந்தது. சுவிட்சில் விரல் இருக்கும்போதே வந்தது. மெதுவாகச் சுற்றினால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு மேசைக்கு வந்தேன். ஒரு பிள்ளை பொறுமையாகத் தாளை நிமிர்த்திப் பின்னால் சுண்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியேதான் செய்தாள். அது எனக்கு மெதுவாகத் தெரிந்தது. "இப்படித் தட்டிக்கிட்டே இருந்தா விடிஞ்சிரும். லேசா ஊதிவிட்டுரு பாப்பா" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஊதக் கூடாதுன்னு சொன்னீங்களே மிஸ்?" என்று கேட்டாள். "இன்னைக்கு ஊது" என்றேன்.

ஊதினாள். எதிரே குனிந்து பசை தடவிக்கொண்டிருந்தவள் அந்த நொடியில் தலையைத் தூக்கினாள். பச்சைத் தூள் விசிறிக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி அவள் முகத்தில் போய்ப் படிந்தது. புருவத்தில், கன்னத்தில், இமை முடியில். பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் முதலில் சிரித்தாள். அப்புறம், "மிஸ், கண்ணுல விழுந்துருச்சு" என்றாள்.

செய்திருக்க வேண்டியது சின்ன விஷயம். கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுத்தமான தண்ணீரைக் கண்ணில் தாராளமாக விட்டு அலச வேண்டும். உறுத்தல் நிற்கவில்லை என்றால் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது. நான் என்ன செய்தேன்? சேலை முந்தானையைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி, அவள் மூடிய கண்மேல் வைத்து அழுத்தினேன். நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்கிறதுதான். ஆனால் உள்ளே ஆறு முனை உள்ள ஒரு துகள் இருக்கும்போது மேலிருந்து அழுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் கை போயிருக்காது. அழுத்தினேன். துடைத்தேன். "சரியாயிருச்சா?" என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள். நான் கேட்ட விதத்தில் வேறு பதில் சொல்ல அவளுக்கு இடமில்லை. ஓரமாக உட்கார்ந்து நூல் வெட்டச் சொன்னேன். அன்று சாயங்காலம் வரை ஒரு கண்ணை மூடிக்கொண்டே வெட்டினாள். மயில் முடிந்தது.

கூட்டிப்போக வந்த அவள் அம்மா விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்பவர். பிள்ளையின் கண் சிவந்திருப்பதைப் பார்த்ததும், "என்ன டீச்சர் ஆச்சு?" என்றார். "தூசி பட்டிருக்கும்மா. தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்" என்றேன். ஜிகினா என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. முகத்தில் ஒட்டியிருந்ததை எல்லாம் செல்லோடேப்பால் நானே எடுத்துவிட்டிருந்தேன். ஏன் அத்தனை சுத்தமாக எடுத்தேன் என்று இப்போது கேட்டால், அம்மா பார்க்கக் கூடாது என்றுதான்.

தூசி என்று ஓர் ஆசிரியை சொன்னதை அந்த அம்மா நம்பினார். மறுநாள் விழா. பிள்ளை வரவில்லை. வீட்டில் முதலில் விளக்கெண்ணெய் வைத்திருக்கிறார்கள். பிறகு மெட்ராஸ் ஐ ஆக இருக்கும் என்று மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறார்கள். கேட்டது நான் சொன்ன தூசிக் கதையை, அதனால் எண்ணெயும் சொட்டு மருந்தும். ஜிகினா என்று சொல்லியிருந்தால் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். அந்தச் சமயத்தில் நான் மேடையில் தாளாளர் கையால் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தேன். மயில் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அதற்கும் அடுத்த நாள் வெளிச்சத்தையே பார்க்க முடியவில்லை என்று பிள்ளை அலறியதாக ஃபோன் வந்தது. கண் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். மருத்துவர் கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு நீல விளக்கைக் காட்டினார். காயம் பட்ட இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள், அவற்றுக்குக் கீழே வெள்ளையாக ஒரு புண். கோடுகளைப் பார்த்ததும் அவர், "மேல் இமைக்குள்ள ஏதோ இருக்கு" என்றார். இமைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட துகள், ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கருவிழியைக் கீறியிருக்கிறது. பஞ்சுக் குச்சியை வைத்து இமையை மேலே புரட்டினார். எடுத்து, குச்சி நுனியை எங்களிடம் காட்டினார். பச்சை. அத்தனை கண்ணீரிலும் எண்ணெயிலும் ஊறியும் மினுமினுப்புக் குறையவில்லை.

"கிளிட்டர். எப்படி வந்துச்சு இது?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தில் நான் நிற்க வேண்டும். இதற்கு முன் செய்ததையெல்லாம் அவசரம், அசட்டை என்று வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொள்ளலாம். இது அப்படி அல்ல. எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிள்ளை கண்ணை மூடிப் படுத்திருந்தாள், ஆனால் காது திறந்துதான் இருந்தது. வேலை போய்விடும் என்று நினைத்தேன். பொன்னாடையைத் திருப்பிக் கேட்பார்களோ என்றுகூட நினைத்தேன். அந்த இளைய ஆசிரியையின் முகம் நினைவுக்கு வந்தது. பிறகு சொன்னேன்: "பிள்ளைங்க ஊதி விளையாடியிருக்காங்க போல சார்."

படுத்திருந்தவள் ஒன்றும் பேசவில்லை. ஊதச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியும்.

புண்ணுக்கு மணிக்கணக்கு வைத்து மருந்து விட வேண்டியிருந்தது, ராத்திரியும் சேர்த்து. சாதாரணக் கீறல் என்றால் கருவிழியின் மேல்தோல் சில நாளில் தானாக மூடிக்கொள்ளும். கிருமி இறங்கிப் புண்ணானால் ஆறினாலும் வடு நிற்கும். நின்றது. தழும்பு கண்மணிக்குச் சற்று ஓரமாக இருப்பதால் பார்வை முழுதும் போகவில்லை. அந்தக் கண்ணில் எழுத்து கலங்கித் தெரிகிறது. ராத்திரி வண்டி விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்கிறாள். அம்மாவுக்குக் கடையில் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. எத்தனை நாள் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பணம் கொடுக்க வேண்டியிருக்கும், கொடுத்தால் ஏன் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

நான் ஆஸ்பத்திரியில் சொன்ன வாக்கியம் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "யார் ஊதினது?" என்று கேட்டார். பேரைச் சொன்னேன். அது பொய் இல்லை, ஊதியது அவள்தான். ஒரு உண்மையை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்று அன்று எனக்குத் தெரிந்தது. காலை வழிபாட்டில் அவளை முன்னால் நிறுத்தினார்கள். விளையாட்டு வினையாகும் என்று தலைமையாசிரியை பேசினார். நான் ஆசிரியர்கள் வரிசையில் நின்றேன். அவள் ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். நான் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன். அவளும் கண்ணில் அடிபட்டவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். அடிபட்டவளின் அம்மா அவளோடு சேரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் ஊதிய பிள்ளையை அவள் வீட்டார் வேறு பள்ளியில் சேர்த்தார்கள்.

அப்புறம் நான் ஜிகினாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். 1930களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஹென்றி ரஷ்மன் என்பவர் இதை இயந்திரத்தில் வெட்டத் தொடங்கினார் என்பார்கள். இன்றைய ஜிகினா பாலியெஸ்டர் படலத்தில் அலுமினியம் பூசி, நிறம் ஏற்றி, சிறு சிறு அறுகோணமாக வெட்டியது. மண்ணிலும் தண்ணீரிலும் மக்காது. 2023 அக்டோபர் 17 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பிளாஸ்டிக் உதிரி ஜிகினா விற்கத் தடை வந்தது. காக்காப்பொன்னில் செய்கிற மினுக்குக்கும் வேறு ஒரு பாவக் கணக்கு உண்டு. ஜார்க்கண்டின் கொடர்மா, கிரிடி பக்கம் சின்னப் பிள்ளைகள் சுரங்கக் குழிகளில் இறங்கி அதைப் பொறுக்குகிறார்கள். எல்லாம் உண்மை. எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் நான் அறிவுக்காகப் படிக்கவில்லை. பழியை இறக்கிவைக்க ஓர் இடம் தேடினேன். ஜிகினாவே கெட்டது என்றாகிவிட்டால் விசிறியைப் போட்ட கை மறந்துபோகும் அல்லவா?

படித்ததையெல்லாம் ஆசிரியர் கூட்டத்தில் பேசினேன். பள்ளியில் உதிரி ஜிகினா வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பொறுப்புள்ள ஆசிரியை என்று தாளாளர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். இந்த முழு விவகாரத்தில் எனக்கு அதிகமாகக் கூசுவது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

போன மாதம் அடிபட்ட பிள்ளையின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைச் சொல்ல வைத்தது மனசாட்சி என்று எழுத ஆசைதான். அந்தப் பிள்ளை வளர்ந்துவிட்டாள், என்றைக்காவது தானே சொல்லிவிடுவாள் என்ற பயமும் அதில் உண்டு. கடை வாசலில் நின்றபடி கேட்டார். அவர் கத்தவில்லை. "இவ அப்பவே சொன்னா டீச்சர், மிஸ்தான் ஊதச் சொன்னாங்கன்னு. நான்தான் டீச்சர் மேல பழி போடுறியான்னு அடிச்சேன்" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளை வீட்டுக்கும் போய்ச் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போனேன். அவள் அப்பா வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். "இத்தனை வருஷம் என்ன செஞ்சீங்க?" என்றார். பதில் இல்லை. அவள் உள்ளேயிருந்து வந்தாள். என்னைவிட உயரமாக இருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. "எல்லார் முன்னாடியும்தானே மிஸ் என்னைய நிறுத்துனாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவள் சொன்னதைத் தலைமையாசிரியைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலை வழிபாட்டில், அதே இடத்தில் நின்று, இரண்டு வீட்டாரும் இருக்கும்போது நான் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பள்ளியின் பேர் கெட்டுவிடும், கடிதத்தோடு நிற்கட்டும் என்று தாளாளர் நினைக்கிறாராம். என் வேலையைப் பற்றி அவர்கள் எடுக்கும் முடிவு அவர்களுடையது. பேச விடாவிட்டால் இந்த எழுத்தை அச்சடித்து அந்த வகுப்பில் அன்று இருந்த ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். பழைய வருகைப் பதிவேட்டைப் பார்த்து முகவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். சிலர் ஊர் மாறிவிட்டார்கள்.